மச்சான் குரலும் நான் போட்ட நாலு டிக்கும்

என் அக்கா வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தாலே திருவரங்குளம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு சத்தம். குவைத்தில் எட்டு வருஷம் தண்ணி லாரி ஓட்டிவிட்டு வந்தவர்.

"லாரிக்கு ஆரன் வச்சிருந்தாங்களா மச்சான், இல்ல ஒங்களையே கத்தச் சொல்லிட்டாங்களா?" என்று நான் கேட்பேன்.

"வாய் மட்டும் இல்லன்னா ஒன்ன நாய் தூக்கிட்டுப் போயிரும் மாப்ள" என்பார் அவர்.

நாங்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் நலம் விசாரித்துக்கொண்டதே கிடையாது. கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் ரெண்டாவது தடவை பாயசம் வராமல் பார்த்துக்கொண்ட மனிதர் அவர். அன்றைக்கு ஆரம்பித்தது.

அந்தச் சத்தம் ஒரு நாள் கரகரத்தது. மிளகுப்பால் குடித்தார். உப்புத்தண்ணி கொப்பளித்தார். நாலு மாசம் கழித்து திருச்சி ஆஸ்பத்திரியில் குரல்வளையில் புற்று என்றார்கள். குரல்வளையை மொத்தமாக எடுத்தாக வேண்டும், எடுத்தால் ஆள் பிழைத்துக்கொள்வார், பேச்சு மட்டும் இருக்காது என்றார் டாக்டர். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற நான் ஃபைலைப் புரட்டுவது போல நடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து மாடிப்படி இறங்கும்போது மச்சான்தான் பேசினார்.

"பத்து நாள் டயம் இருக்கு மாப்ள. மிச்சம் இருக்க கேலியெல்லாம் பேசி முடிச்சுக்க. அப்புறம் இங்கிட்டிருந்து பதில் வராது."

அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு மேடம் இருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் மச்சான் குரலிலேயே வேண்டியதைப் பேசிப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பொத்தானை அழுத்தினால் அவர் குரலே பேசும், அதற்கு ஆப் எல்லாம் இருக்கிறது என்றார். எனக்கு அதுவரை செத்திருந்த உயிர் அப்போதுதான் வந்தது. ஏனென்றால் போன் என்பது என் பிழைப்பு. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறேன். சித்தன்னவாசல் பாறையில் செல்ஃபி எடுக்கப் போய்ப் போனைக் கீழே விட்டவன், கிணற்றில் போட்டவன், பிள்ளை கடித்துவிட்டது என்று சொல்பவன், எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள்.

படிப்பு என்று கேட்டால் பாலிடெக்னிக்கில் ரெண்டாவது வருஷம் பாதியோடு நின்றுவிட்டேன். நான் நின்றேனா அவர்கள் நிறுத்தினார்களா என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அங்கே ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டேன். ரெக்கார்டு நோட்டு எழுதுவது. ஊசல் எவ்வளவு நேரத்தில் ஆடுகிறது என்று ஒரு சோதனை. லேபில் ஊசலே கிடையாது, நூல் அறுந்து போய்விட்டிருந்தது. முந்தைய வருஷத்து அண்ணனிடம் நோட்டு வாங்கி, அளவுகளில் அங்கே இங்கே ஒரு புள்ளியை மாற்றி, கீழே "சோதித்துப் பார்க்கப்பட்டது" என்று எழுதிக் கொடுப்போம். கையெழுத்து விழும். வகுப்பில் அறுபது பேர் நோட்டிலும் அந்த ஊசல் ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைப் பொய் என்று நினைத்ததே இல்லை. கட்டம் இருந்தால் நிரப்ப வேண்டும். அவ்வளவுதான்.

மச்சானுக்காகத் தேடியதில் ஒரு இலவச ஆப் கிடைத்தது. ஓப்பன் சோர்ஸ். அதாவது யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே கை வைத்துச் சரி பண்ணலாம், பண்ணியதை அனுப்பினால் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். படத்தோடு பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் குரலைப் பதிந்துகொள்ளலாம். பதியவில்லை என்றால் ஆப்பில் இருக்கிற மெஷின் குரல் பேசும். அது ஒரு பெண் குரல், தாலுகா ஆபீஸில் டோக்கன் நம்பர் கூப்பிடுவது போல.

மூன்று மத்தியானம் அக்கா வீட்டில் உட்கார்ந்து பதிந்தோம். மின்விசிறியை நிறுத்திவிட்டோம். வாசலில் அக்கா கம்போடு நின்று கோழியையும் காக்காயையும் விரட்டினாள். என்னென்ன பேச வேண்டும் என்று மகள் பாப்பாவின் ரஃப் நோட்டில் அக்காவே எழுதி வைத்திருந்தாள். தண்ணி வேணும். வலிக்குது. மோட்டாரப் போடு. சோத்துல உப்பில்ல.

"உப்பில்லங்கறது எதுக்குடி? ஒன் சமையலுக்கு அத ஒரு தடவ பேசி வச்சாப் போதுமா, நெதம் அழுத்தியே பட்டன் தேஞ்சிருமே" என்றார் மச்சான்.

"அழுத்துங்க, அழுத்துங்க. அன்னிக்கிப் பட்டினி" என்றாள் அக்கா.

லிஸ்டில் இல்லாத சிலதை மச்சான் அவராகவே சேர்த்தார். எல்லாம் எனக்கு. "மாப்ள, நீ படிச்ச படிப்புக்குக் கடைல ஒக்கார வச்சதே பெருசு." "மாப்ள, ஒனக்குப் பொண்ணு பாக்கப் போனா நான் வரல, எனக்கு மரியாதை முக்கியம்." இப்படி ஏழு. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவாராம்.

கடைசியில் பாப்பாவைக் கூப்பிடுவது. அவளுக்கு அப்போது நாலு வயசு. அவர் அவளைக் கூப்பிடுவதே தனி ராகம். "ஏ... பாப்பா... ஓடியா ஓடியா ஓடியா" என்று முதலில் இழுத்து, பிறகு ஆட்டுக்குட்டியை விரட்டுவது போல அடுக்குவார். ஒரே தடவையில் பேசி முடித்தார். கொல்லையிலிருந்து அவள் நிஜமாகவே ஓடி வந்து நின்றாள். அவள் மூச்சு வாங்குவதும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. அதை நான் வெட்டவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும். எழுத்து எழுத்தாகத் தட்டி மெஷின் குரலில் பேசவும் அவரால் முடியும். ஆனால் ஒற்றை விரலில் ஒரு வரி தட்டி முடிப்பதற்குள் கேட்டவன் போய்விடுவான். அதனால் பதிந்து வைத்த பொத்தான்கள்தான் அவருக்கு வாய். காலையில் ஸ்கூல் வேன் வரும்போது பாப்பாவைக் கூப்பிடுகிற பொத்தானை அழுத்துவார். பாப்பா எங்கிருந்தாலும் ஓடி வருவாள். நான் போனால் ஏழில் ஒன்றைப் போட்டு வரவேற்பார்.

அந்த ஆப்பின் மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. தமிழ் மெனு படு கேவலமாக இருந்தது. பின்னால் போகிற பொத்தானுக்கு "முதுகு" என்று எழுதியிருந்தார்கள். அதைத் திருத்தி அனுப்பினேன். பிறகு யூடியூப் பார்த்துப் பார்த்துச் சின்னச் சின்னதாக உள்ளேயும் கை வைக்க ஆரம்பித்தேன். அந்த ஆப்பைக் கவனித்துக்கொள்பவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற ஒரு அக்கா. நான் அவரைத் தலைவி என்றுதான் கூப்பிடுவேன். வாரக் கடைசியில் உட்கார்ந்து எல்லாரும் அனுப்புவதைப் பார்த்துச் சேர்ப்பார். அவருக்கு இதில் சம்பளம் இல்லை. எனக்கும் இல்லை.

ஆப் திறக்க நேரமாகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். உள்ளே தேவையில்லாத ஃபைல்கள் குப்பையாகச் சேர்ந்திருந்தன. ஆப் திறக்கும்போதே அவற்றைக் கூட்டித் தள்ளுகிற மாதிரி ஒரு மாற்றம் செய்தேன். என் போனில் போட்டுப் பார்த்தேன். சொடக்குப் போடும் நேரத்தில் திறந்தது. கடையில் நாலு பேரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

மாற்றத்தை அனுப்பும்போது ஒரு படிவம் வரும். எதில் எல்லாம் சோதித்தீர்கள் என்று நாலு கட்டம். புது ஆண்ட்ராய்டு. பழைய ஆண்ட்ராய்டு. மெமரி கார்டு போட்ட போன். சின்னத் திரைப் போன். மேலே ஒரு பக்கத்துக்கு விளக்கம், இங்கிலீஷில். நான் அதைப் படிக்கவில்லை. நாலிலும் டிக் போட்டேன்.

தலைவி போன் பண்ணினார்.

"நாலுலயும் போட்டுப் பாத்தீங்களா தம்பி?"

"தலைவி, என் டிராயரத் தொறந்தா ஆதிகாலத்துப் போன்ல இருந்து அத்தனையும் கெடக்கு. டிக்கெட் போட்டு ஊர்சனத்தக் கூப்பிட்டுக் காட்டலாம்."

"அது சரி. ஒங்களுக்கில்லாத வசதியா" என்று சிரித்தார். நம்பினார்.

டிராயரில் போன்கள் இருந்தது உண்மை. கையை நீட்டினால் எட்டும் தூரம். நாலு போனை எடுத்துச் சார்ஜ் போட்டுப் பார்க்க ஒரு மத்தியானம் ஆகியிருக்கும். நான் அந்த மத்தியானம் எதிர்க் கடைக்காரனோடு கேரம் ஆடினேன்.

மச்சான் போன் பழசு. இடம் போதவில்லை என்று நான்தான் அவர் பதிவுகளை மெமரி கார்டுக்கு மாற்றி வைத்திருந்தேன். புதுப் போன்களில் பதிவு ஒரு இடத்திலும் குப்பை வேறு இடத்திலும் இருக்கும். பழைய போனில் கார்டு போட்டிருந்தால் ரெண்டும் ஒரே இடத்தில் கிடக்கும். படிவத்தில் அந்த மூன்றாவது கட்டம் அதற்காகத்தான் இருந்தது. மேலே இருந்த விளக்கத்திலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

அது நடந்த காலையில் நான் அங்கே இல்லை. அக்கா சொல்லித்தான் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் ஆப் தானாகவே புதுசாகியிருக்கிறது, மச்சான் ஒரு தடவை திறந்து மூடியும் இருக்கிறார். காலையில் வேன் ஆரன் அடித்தது. மச்சான் பொத்தானை அழுத்தினார். அந்தப் பெண் குரல் வந்தது. "பாப்பா, ஓடி வா." பாப்பா வரவில்லை. யாரோ டிவியில் பேசுகிறார்கள் என்று கொல்லையிலேயே விளையாடிக்கொண்டிருந்தாளாம். மறுபடி அழுத்தினார். மறுபடி அதே குரல். கடைசியில் அவரே நடந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்து வேனில் விட்டிருக்கிறார்.

பத்து மணிக்குக் கடைக்கு வந்துவிட்டார். பஸ்ஸிலேயே தட்டி வைத்திருந்ததைக் காட்டினார். மாப்ள, என் சத்தத்தக் காணோம். பாரு.

"ரீசார்ஜ் பண்ணாம விட்டீங்களா மச்சான்? ஒங்க சத்தத்துக்குத் தனி பேக் போடணுமே" என்றேன்.

அவர் தோள் குலுங்கவில்லை. போனை வாங்கித் திறந்தேன். எல்லாப் பொத்தானும் இருந்தது. ஒன்றிலும் பதிவு இல்லை. எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று பார்த்தேன். கீழே புதிதாகச் செய்த மாற்றங்களில் முதல் வரி என்னுடையது.

நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கடைக்கு வருகிற ஒவ்வொருவனிடமும், "காப்பி எடுத்து வைக்க மாட்டீங்களாண்ணே, படிச்சவுங்கதானே" என்று நக்கல் அடிப்பவன் நான். மச்சான் பதிவுகளுக்கு நகல் இல்லை. குவைத்திலிருந்து அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்களைப் போனில் இடம் இல்லை என்று அக்கா எப்போதோ அழித்துவிட்டிருந்தாள். அழிக்கச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

அழிந்த ஃபைல் உடனே போய்விடாது. அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை கார்டில் கிடக்கும். கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டு மீட்டெடுக்கிற சாஃப்ட்வேரை ஓட்டினேன். மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு மணி நேரம். கார்டு முழுக்கப் பாப்பாவின் கார்ட்டூன்கள். முந்தின நாள் ராத்திரி அக்கா இறக்கிக் கொடுத்தது. ஆப் கூட்டித் தள்ளிய இடத்தில் நாயும் பூனையும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன.

எட்டு கிடைத்தது. மோட்டாரப் போடு. கரண்டு போச்சா. சோத்துல உப்பில்ல. கதவச் சாத்து. ஒரு இருமல். எனக்கான ஏழில் ஒன்று, அதுவும் பாதியில் அறுந்து, "மாப்ள, நீ படிச்ச படி" என்பதோடு நின்றது. இன்னும் ரெண்டு வெறும் இரைச்சல். பாப்பாவைக் கூப்பிடுவது இல்லை.

மச்சான் என் முழங்கையைத் தொட்டு, என்ன ஆச்சு என்று கையை விரித்தார்.

"கார்டு மட்டமான கார்டு மச்சான். கெட்டுப்போச்சு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யோசித்துச் சொன்னதில்லை. வாய் அதுவாகவே சொன்னது. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் அடுப்படியில் நின்றுகொண்டே கேட்டாள்.

"ஏன் தம்பி, நான் படம் எறக்கிக் கொடுத்தேனே. அதுனாலயாடா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்க்கா" என்றேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். அதற்கப்புறம் ஒரு வாரம் பாப்பா கையில் போனே கொடுக்கவில்லை. பாப்பா அழுதால் அடித்தாள். அதுவரை அவள் அந்தப் பிள்ளையை அடித்து நான் பார்த்ததில்லை.

வாரம் முடியும்போது தலைவி கூப்பிட்டார். மதுரைப் பக்கம் ஒரு டீச்சர் எழுதியிருந்தாராம். அவர் அப்பா பேசிப் பதிந்ததெல்லாம் போனிலிருந்து போய்விட்டது, நல்ல வேளையாக நகல் இருந்ததால் திரும்பப் போட்டுக்கொண்டேன், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன் என்று.

"தம்பி, அந்த மாத்தத்த எந்தெந்தப் போன்ல பாத்தீங்க? கேலி வேணாம். சொல்லுங்க."

"ஒண்ணுல."

"எதுல?"

"என்னோடதுல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லி இருப்பேன்.

"என் மேலயும் தப்புதான். டிராயர்ல போன் இருக்குன்னதும் நானும் கேக்காம விட்டுட்டேன்" என்றார். பழைய வெர்ஷனையே திரும்ப ஏற்றிவிட்டதாகச் சொன்னார். "படிவத்துக்கு மேல இருக்க அந்தச் சோதனைப் பக்கத்தப் புதுசா எழுதணும். தமிழ்ல. நீங்க எழுதுங்க."

"நானா? எனக்கு லீவ் லெட்டரே எழுத வராது தலைவி."

"நீங்கதான் எழுதணும்."

முதலில் எழுதியது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒட்டிய அறிவிப்பு போல இருந்தது. அனைத்துக் கருவிகளிலும் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும், தவறினால் ஏற்கப்படாது. அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்தில் கூப்பிட்டுவிட்டார்.

"இது ஏற்கெனவே இங்கிலீஷ்ல இருக்கறதுதான். அத நீங்க படிச்சீங்களா?"

"இல்ல."

"அப்ப இதையும் யாரும் படிக்க மாட்டாங்க. நம்மகிட்ட அனுப்பறவுங்க முக்காவாசி காலேஜ் பிள்ளைங்க. ஆளுக்கு ஒரு போன்தான் இருக்கும். அவுங்க மட்டும் நாலு போனுக்கு எங்க போவாங்க? டிக் போடத்தான் செய்வாங்க. அன்னிக்கி அந்தப் படிவத்துல என்ன எழுதியிருந்தா ஒங்க கை நின்னுருக்கும்? அத எழுதுங்க."

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று நாள் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவனுக்கு டிஸ்பிளே மாற்றும்போது ஸ்க்ரூவைத் தொலைத்தேன். என் கையை எது நிறுத்தியிருக்கும்? பயமுறுத்தல் நிறுத்தியிருக்காது. காலேஜில் அத்தனை பேரும் பயமுறுத்தித்தான் பார்த்தார்கள். காலிக் கட்டம் என்றால் எனக்கு மார்க் போச்சு என்றுதான் அர்த்தம். பார்க்கவில்லை என்று எழுத ஒரு இடம் இருந்து, அப்படி எழுதினாலும் உன்னைச் சேர்த்துக்கொள்வோம், மிச்சத்தை வேறொருவர் பார்ப்பார் என்று போட்டிருந்தால் ஒருவேளை எழுதியிருப்பேன். பார்த்தேன் என்பவனிடம் எந்தப் போன், என்ன அழுத்தினாய், என்ன கேட்டது என்று கேட்டிருந்தால் ரெண்டாவது கட்டத்திலேயே முழித்திருப்பேன்.

இதெல்லாம் எழுதிவிட்டேன். ஆனால் பக்கத்தின் தலையில், ஏன் இவ்வளவு கேட்கிறோம் என்று ஒரு பத்தி வேண்டியிருந்தது. அது இல்லாமல் மிச்சம் எதுவும் நிற்கவில்லை. அதில் எழுத என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதை ஊர் முழுக்கப் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டு, திருவரங்குளத்தில் கார்டு கெட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டு திரிய முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மச்சான் கட்டிலில் உட்கார்ந்து கழுத்துத் துணியை மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா கீழே உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வாப்பா, சாப்பிட்டியா என்றாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். கார்டு கெடவில்லை. நான் செய்த மாற்றம்தான் அழித்தது. போட்டுப் பார்த்தேன் என்று பொய் சொன்னேன். போட்டுப் பார்க்க டிராயரில் போன் இருந்தது. படம் இறக்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கடைசியாகச் சொன்னதும் முழு உண்மையில்லை, படம் விழுந்த இடத்தில்தான் மீட்க முடியாமல் போனது. அக்காவிடம் அப்படித்தான் சொல்ல முடிந்தது.

அக்கா கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். முந்திரிப்பால் பட்டுக் கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நாளா எனக்குச் சோறு எறங்கலடா. பாவி, நாந்தான் கொன்னேன்னு நெனச்சேன். அந்தப் பிள்ளையப் போட்டு அடிச்சனேடா."

"அக்கா..."

"பேசாத. ஒனக்கு எல்லாமே வெளையாட்டு. போ அங்கிட்டு."

போகவில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மச்சான் போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக. தட்டுவார், அழிப்பார், மறுபடி தட்டுவார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே ஒரு மினி பஸ் வந்து நின்று போனது. பிறகு அந்தப் பெண் குரல் பேசியது, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல்.

"மாப்ள. கார்டு கெட்டுப்போச்சுன்னு நீ சொன்னப்பவே தெரியும். நீ என்னக் கேலி பண்ணாமப் பேசின. அப்பவே ஏதோ இருக்குன்னு நெனச்சேன்."

நான் தரையைப் பார்த்தேன். அவர் மறுபடி தட்டினார்.

"போனது போச்சு. ஒன் அக்காகிட்டப் போய், அதுவும் காரணமா இருக்கலாம்னு சொன்ன பாத்தியா. அதுதான் எனக்குப் பொறுக்கல."

கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்தேன்.

"மச்சான், நடந்தத அந்தப் பக்கத்துல எழுதணும். எழுதட்டுமா?"

அவர் யோசித்தார். சின்னதாகத் தட்டினார். "பேர் போடாம எழுது."

அந்தப் பத்தியை இப்போதும் போய்ப் பார்க்கலாம். பேர் இல்லை, ஊர் இல்லை. குரல் போன ஒருவர் முன்கூட்டியே பேசிப் பதிந்தவற்றை, ஒரே போனில் மட்டும் பார்த்துவிட்டு நாலிலும் பார்த்ததாக எழுதிய ஒருவர் அழித்துவிட்டார், அவை திரும்பக் கிடைக்கவில்லை என்று மூன்று வரி. அதற்குக் கீழே என்ன எதிர்பார்க்கிறோம் என்று. எந்தப் போன், எந்த வெர்ஷன், கார்டு உண்டா இல்லையா என்று எழுதுங்கள். பதிவு உள்ள போனில் புது வெர்ஷனை ஏற்றி, பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அழுத்திக் காதால் கேளுங்கள், திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்களிடம் இல்லாத கருவிக்கு நேரே "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நாங்கள் என்று எழுதியிருப்பது என்னையும் என் டிராயரையும்தான். தலைவி ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. ரெண்டு இடத்தில் ஒற்றெழுத்து மட்டும் சேர்த்தார்.

இப்போது பிள்ளைகள் "பார்க்கவில்லை" என்று எழுதி அனுப்புகிறார்கள். முதல் தடவை அந்த வார்த்தையைப் பார்த்தபோது அழுகை வந்தது. கடையில் ஆள் இருந்ததால் கண்ணில் ஈயம் உருக்குகிற சால்டர் புகை பட்டது என்றேன்.

அக்கா என்னிடம் பேச ரெண்டு மாசம் ஆனது. பேசத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ அனுப்பிய மாற்றத்தைச் சோதிக்க டிராயரிலிருந்து அஞ்சு போனைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போனேன். மச்சான் அஞ்சையும் பார்த்துவிட்டு, கல்யாணச் சீர்வரிசையா என்பது போலக் கையைக் காட்டினார். நான் பதில் கேலி சொன்னேன். அவர் தட்டத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். அவர் தட்டி முடிப்பதற்குள் கேலி ஆறிப்போய்விடுகிறது. இப்போதெல்லாம் பாதிக்கு மேல் அவர் தட்டுவதில்லை.

போன்களைப் பாயில் வரிசையாக வைத்தேன். மச்சானுக்குச் செய்து வைத்திருந்த அதே பொத்தான்களைத்தான் எல்லாவற்றிலும் போட்டிருந்தேன். சோதிக்க எனக்கு வேறு பொத்தான் தோன்றவில்லை. முதல் போனில் அழுத்தினேன்.

"பாப்பா, ஓடி வா" என்றது அந்தக் குரல்.

கொல்லையிலிருந்து பாப்பா ஓடி வந்தாள். என்னைத் தாண்டி நேரே கட்டிலுக்குப் போனாள்.

"என்னப்பா?"

மச்சான் போன் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. அவர் ரெண்டு கையும் மடியில் இருந்தது. தாடையால் என்னைக் காட்டினார். பாப்பா திரும்பி என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள்.

"மாமா போன்லயும் நீ இருக்கியாப்பா?"

மச்சான் அவள் தலையைத் தடவிவிட்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் கொல்லைக்குப் போய்விட்டாள்.

முதல் கட்டத்தில் போனின் பேரையும் வெர்ஷனையும் எழுதி, அழுத்தினேன், கேட்டது என்று எழுதினேன். மிச்சம் நாலு போன் இருந்தது. சத்தத்தை நன்றாகக் குறைத்து, காதோடு வைத்து, ஒவ்வொன்றாக அழுத்தினேன்.